‘லைன்’ – ஒரு சொல்லின் கதை

ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகளின் சொற்பொருள் ஏடுகளைப் பெற்றோர் என்றேனும் புரட்டிப் பார்த்ததுண்டா? இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல். நடுவே ஒரு சிறு கோடு. வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். ‘லைன்’ என்று எழுதி, நடுவில் அந்தக் கோட்டையும் இழுத்து, ‘கோடு’ என்று முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால், அதே பிள்ளை வளர்ந்து, படிப்பை முடித்து, மணிமங்கலத்திலே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, ஒரகடத்திற்கோ திருப்பெரும்புதூருக்கோ வேலைக்குச் செல்லும் முதல் நாளிலேயே, ஏட்டில் எழுதிய அந்த ஒரு பொருள் எதற்கும் போதாது என்பது தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் முதல் நாளை மனத்தில் எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பேருந்துக்கு ‘லைனில்’ நிற்கிறாள். இங்கே அது வரிசை. ஆலையினுள் நுழைந்ததும் ‘உனக்கு மூன்றாவது லைன்’ என்கிறார்கள்; அது பொருள்களைப் படிப்படியாகக் கோத்து முடிக்கும் நீண்ட பணித்தொடர். அதனை மேற்பார்ப்பவர் ‘லைன் லீடர்’. விடுப்பு விண்ணப்பத்தை ‘ஆன்லைனில்’ போடச் சொல்கிறார்கள். அது இணைய வழி. மாலையில் தாயோடு பேச முயன்றால் ‘லைன்’ கிடைப்பதில்லை; அது தொலைபேசித் தொடர்பு. அறைக்குத் திரும்பினால் மின்சாரம் இல்லை, ‘லைன்மேன்’ வரவேண்டும், அது மின்கம்பி. அந்த அறையோ ‘லைன் வீட்டில்’ ஓர் அறை. காலை முதல் இரவு வரை ஏழு முறை அச்சொல்லைக் கேட்டாள். ஏழிலும் ‘கோடு’ என்ற பொருள் ஒருமுறைகூட வரவில்லை. (இளைஞர் சிலர் வாயில் ‘லைன்’ என்ற சொல்லோடு ‘அடித்தல்’ என்ற வினையும் சேர்ந்து வழங்குகிறதே, அதனைக் குடும்ப இதழொன்றில் விரித்துரைக்கத் தேவையில்லை. அதன் பொருளை விளங்கிக்கொள்ள அப்பெண்ணுக்கு அகராதி வேண்டியதில்லை!)

ஒரு சொல் பல பொருளைக் குறிப்பதும், பல சொற்கள் ஒரு பொருளைக் குறிப்பதும் ஆங்கிலத்தின் தனிக் குறையென்று எண்ணிவிடலாகாது. தொல்காப்பியரும், பின்வந்த நன்னூலாசிரியர் பவணந்தி முனிவரும் திரிசொல்லை வகுக்கும்போது இவ்விரு இயல்புகளையே இரு வகைகளாகக் காட்டினர். திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் அவற்றைச் செய்யுளாகக் கோத்து மனப்பாடம் செய்யத் தந்தன. ஆயினும், வேண்டிய சொல்லை வேண்டியபோது தேடியெடுக்கும் வகையில் அகர வரிசையில் அடுக்கித் தந்த பெருமை நம் வீரமாமுனிவரையே சாரும். 1680ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டிலே பிறந்து, சேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்து, தேம்பாவணி பாடிய அப்பெருமகனார், 1732ஆம் ஆண்டில் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் அதில் உண்டு. பெயரகராதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் காணலாம். பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைக் காணலாம். நம் பிள்ளைகளின் ஏட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மறைப்பணியாளர் இதைவிடத் தெளிவாகச் சிந்தித்திருக்கிறார்!

‘லைன்’ என்ற சொல்லை அவ்வாறு பிரித்துப் பார்ப்போம். அதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ள ‘லீனும்’ என்ற சொல். ‘லீனும்’ என்பது ஒரு செடி. நீல நிறப் பூப்பூக்கும் அச்செடியின் விதையை நாம் ஆளிவிதை என்கிறோம். நாட்டு மருந்துக் கடைகளிலே கிடைக்கும். அதன் தண்டை நீரில் ஊறவைத்து, அடித்து, சீவி எடுக்கும் நாரினால் நெய்யப்படுவதே ‘லினன்’ துணி. அந்நாரை முறுக்கிய நூலுக்கு ‘லீனெயா’ என்று பெயர். நூலை இழுத்துக் கட்டினால் நேராக நிற்கும். ஆதலால் நேரான கோட்டுக்கும் அதுவே பெயராயிற்று. கோட்டிலிருந்து வரிசை, வரிசையிலிருந்து தொடர், தொடரிலிருந்து வழிமரபு என்று பொருள் விரிந்தது. அன்னையர் இரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது ‘லைனிங்’ வைக்கச் சொல்கிறார்களே, அதுவும் இச்செடியின் வழி வந்ததே. முற்காலத்தில் ஆடையின் உட்புறம் ‘லினன்’ துணியை வைத்துத் தைத்தமையால் அப்பெயர் வந்தது. திருப்பலிப் பீடத்திலே நற்கருணைக்குக் கீழே விரிக்கும் திருமேனித் துகிலை ‘லினன்’ துணியால் அமைப்பது திருச்சபையின் நெடுநாள் மரபு. ஆண்டவருடைய திருவுடலை அரிமத்தியா ஊர் யோசேப்பு சுற்றிப் பொதிந்ததும் அத்துணியில்தான்.

இனி நம் மொழிக்கு வருவோம். இலத்தீனில் நூலிலிருந்து கோடு பிறந்தது போலத் தமிழிலும் நிகழ்ந்திருப்பது வியப்பிலும் வியப்பு. தச்சர் மரத்தை அறுக்குமுன் காவி தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விடுகிறார். மரத்தின்மேல் நேர்க்கோடு விழுகிறது. அதற்கு ‘நூல் அடித்தல்’ என்றே பெயர். கொத்தனார் சுவரெழுப்பும்போது ‘நூல் பிடிக்கிறார்’. அவ்வளவேயன்று, ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக்கும் ‘நூல்’ என்றே பெயர், ‘இரண்டு அங்குலம் மூன்று நூல்’ என்று அளவு சொல்வதை எந்தத் தச்சுப் பட்டறையிலும் இன்றும் கேட்கலாம். ஆங்கிலத்திலோ அங்குலத்தின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு ‘லைன்’ என்று பெயரிருந்தது. அளவு வேறு; எண்ணம் ஒன்றே. கற்கும் ஏட்டுக்கும் நாம் நூல் என்றே பெயரிட்டோம். அதற்குக் காரணம் கூறப்புகுந்த பவணந்தியார், தச்சனுடைய நூல் மரத்தின் கோணலைக் காட்டித் தீர்ப்பது போல, கற்ற நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்னும் கருத்தை உவமையாக வைத்தார். அவர் சமண முனிவர். தேம்பாவணியின் தலைவரோ நாசரேத்தூர்த் தச்சர். வீரமாமுனிவர் அவ்வுவமையைப் படிக்கும்போது சூசையப்பரின் கைந்நூலை நினையாதிருந்திருப்பாரா என்று எண்ணத் தோன்றுகிறது.

‘லைன்’ என்பதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் என்று கேட்டால், இடம் பார்த்தே சொல்லவேண்டும். எழுதியதானால் வரி; கையில் உள்ளதானால் இரேகை; ஆட்கள் நின்றால் வரிசை; ஆவினங்கள் நின்றால் நிரை; படைவீரர் நின்றால் அணி; ஏர் கீறியதானால் சால்; துணி உலர்த்துவதானால் கொடி; மீன் பிடிப்பதானால் தூண்டிற்கயிறு; குடும்பத்தைப் பற்றியதானால் கால்வழி, கொடிவழி, மரபு. செய்யுளிலே வந்தால் அடி. இந்த ‘அடி’ ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு தொல்லை. ஆங்கிலச் செய்யுளின் ‘லைன்’ நமக்கு அடி. அடி என்றால் பாதம். ஆனால் ஆங்கிலச் செய்யுளில் பாதம் என்று பொருள்படும் ‘ஃபுட்’ நமக்குச் சீர்! குறள் ஈரடி வெண்பா என்பதை அப்படியே ‘இரண்டு பாதம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், ஏழு சீருள்ள பாட்டு இரண்டு சீரில் முடிந்துபோகும்.

மணிமங்கலத்தின் மண்ணும் இச்சொல்லின் இரு பொருள்களுக்குச் சான்று பகர்கிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை எதிர்த்துப் பொருத களங்களுள் மணிமங்கலமும் ஒன்று. இதனைக் கூரம் செப்பேடு கூறுகிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் வெற்றி என்ற சொல்லை எழுதினான் என்று அதனை வரைந்த புலவர் நயம்படப் பாடுகிறார். போர் அணி ஒரு ‘லைன்’ எனில், முதுகில் எழுதப்பட்ட வரியும் ஒரு ‘லைன்’ அன்றோ! அவ்வூர்க் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் அவற்றைப் படியெடுத்து, 1899ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியிலே வரிக்கு வரி எண்ணிட்டு வெளியிட்டார். ‘வரி’ என்பதற்கோ தமிழில் எழுத்து வரி, புலியின் வரி, அரசுக்குச் செலுத்தும் வரி என்று பல பொருள்.

திருநூலைத் திறந்தால் இச்சொல்லின் கதை இன்னும் ஆழமாகிறது. யோசுவா நூலின் இரண்டாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். எரிகோ நகரை வேவு பார்க்க வந்த இருவரை இராகாபு என்ற பெண் தன் வீட்டு மேல்தளத்தில் ஒளித்து வைத்தாள். எதன் அடியில்? தளத்தின்மேல் அடுக்கி உலர்த்தியிருந்த சணல் தட்டைகளின் அடியில் என்று தமிழில் படிக்கிறோம். அது நம் நாட்டுச் சணல் அன்று. நாம் மேலே கண்ட ஆளிச் செடியின் தட்டையே. பின்னர், அவள் அவர்களைச் சன்னல் வழியாகக் கயிற்றினால் இறக்கி விடுகிறாள். நகரம் வீழும் நாளில் தன் வீடு காக்கப்படுவதற்கு அடையாளமாக அச்சன்னலில் ஒரு செந்நிறக் கயிற்றைக் கட்டுகிறாள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் அக்கயிற்றை ‘லைன்’ என்றே பெயர்த்தது. எபிரேய மூலத்தில் அங்குள்ள சொல் ‘திக்வா’. எபிரேய மொழியில் ‘திக்வா’ என்பதற்குக் கயிறு என்றும் பொருள். எதிர்நோக்கு என்றும் பொருள். காத்திருப்பவன் மனமும் முறுக்கேறிய கயிறு போல இழுபட்டு நிற்பதனால் இவ்விரு பொருளும் ஒரு வேரில் பிறந்தன போலும்!

இத்துடன் முடியவில்லை. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் படிக்கும்போது நம்மில் பலர் அப்பெயர்ப் பட்டியலைச் சலிப்போடு கடந்துவிடுகிறோம். அப்பட்டியல், அதாவது ஆண்டவருடைய கால்வழி, பதினான்கு தலைமுறைகளாக மும்முறை அடுக்கப்பட்டுள்ளது. அன்னை மரியாவுக்கு முன் அதில் நான்கு பெண்கள் குறிக்கப்படுகின்றனர். அவர்களுள் ஒருத்தி இராகாபு. யூத குலத்தைச் சாராதவள், ஊராரால் இகழப்பட்டவள். தளத்தின்மேல் நாரும், சன்னலிலே கயிறும், பின்னர் மரபும் என்று ‘லைன்’ என்ற சொல் ஈராயிரம் ஆண்டுகளில் நடந்த பாதை முழுவதையும் இப்பெண்ணின் வாழ்விலே காணலாம். மறைக்கல்வி கற்பிப்போர் அப்பட்டியலைக் கடந்து போகாமல் இவ்விடத்தில் சற்றே நின்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாமே!

திருப்பாடல்களிலும் இரண்டு இடங்கள் உண்டு. 16ஆம் திருப்பாடலின் ஆசிரியர், தமக்கு இனிய இடத்தில் அளவுநூல் விழுந்ததாக மகிழ்கிறார். அக்காலத்தில் நிலத்தைக் கயிற்றால் அளந்து பங்கிட்டார்கள். எனவே கயிறு விழுந்த இடமே ஒருவனுடைய பங்கு. நம் தமிழ் விவிலியங்களில் கயிறு மறைந்து, பங்கு அல்லது பாகம் என்னும் பொருளே நிற்கிறது. ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள கிறிஸ்தவ மக்கள் கூட்டத்துக்கும் நாம் ‘பங்கு’ என்றே பெயரிட்டிருக்கிறோம். ஆகவே இம்மொழிபெயர்ப்பில் தமிழருக்கு மட்டும் ஓர் இனிமை கூடுதலாகக் கிடைக்கிறது.

மற்றோர் இடம் 19ஆம் திருப்பாடல். வானங்கள் இறைவனின் மாட்சியை அறிவிக்கின்றன; அவற்றின் ‘கவ்’ உலகெங்கும் செல்கிறது என்று எபிரேய மூலம் கூறுகிறது. ‘கவ்’ என்றால் அளவுநூல். பேச்சும் சொல்லுமாக வந்த இடத்தில் அளவுநூல் எங்ஙனம் வந்தது? கிரேக்க மொழியில் பெயர்த்த பழைய அறிஞர்கள் அதனை ‘ஒலி’ என்றே பெயர்த்தார்கள். புனித பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 10ஆம் அதிகாரத்தில் அக்கிரேக்க வாசகத்தையே எடுத்தாண்டார். எபிரேயத்தில் ‘கோல்’ என்றால் குரல். ‘கவ்’ என்ற சொல்லோடு ஓரெழுத்துச் சேர்ந்தால் ‘கோல்’ ஆகிவிடும். ஏடு பெயர்த்தெழுதியவர் கையில் அவ்வெழுத்து விடுபட்டிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். மூலத்திலுள்ளபடியே நூல் என்று கொள்வோரும் உண்டு. எவ்வாறாயினும், ஓரெழுத்தினால் நூல் குரலாகிறது என்பதை எண்ணினால், விவிலியத்தை மொழிபெயர்ப்பவர்களின் பாடு எத்தகையது என்பது விளங்கும்.

ஒரு கோடு வரைந்து, அதனால் நம் மறைமாவட்டத்தின் வரலாறே மாறிய கதையும் உண்டு. கொலம்பஸ் கடல் கடந்து திரும்பிய பின், ஸ்பெயின், போர்ச்சுகல் என்ற இரு அரசுகளுக்கிடையே எழுந்த பூசலைத் தீர்க்க, 1493ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் அலெக்சாந்தர் அட்லாண்டிக் கடலின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு கோட்டைக் குறித்தார். அடுத்த ஆண்டு தொர்தெசிலாஸ் என்ற ஊரில் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்து அக்கோட்டை மேலும் மேற்கே தள்ளி வைத்தன. கோட்டின் கிழக்கே உள்ளவை போர்ச்சுகலின் பொறுப்பு என்றாயிற்று. அங்கு வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை. கடல் நடுவே கிழிக்கப்பட்ட ஒரு கோட்டின் பயனாக மயிலையின் திருப்பணி இலிஸ்பன் நகரத்து அரசரின் ஆதரவுரிமைக்குள் வந்தது. மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பின்னர் 1832ஆம் ஆண்டில் உரோமை நேரடியாக அமைத்த சென்னை மறைத்தளமும் தோன்றவே, ஒரே நகரில் இரு ஆட்சிகள், இரு தரப்பினரிடையே நீண்ட மனக்கசப்பு. 1952ஆம் ஆண்டில்தான் இரண்டும் இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டமாயின. அதிலிருந்து 2002ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. மேசைமேல் வரையும் கோடு வீடுகளின் வாசல்வரை வரும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று 1947ஆம் ஆண்டில் ராட்கிளிஃப் வரைந்த இந்திய–பாகிஸ்தான் எல்லைக்கோடு. இந்திய நாட்டை அதற்கு முன் கண்டிராத அவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்தே வாரம்.

வேறு சில பொருள்களை விரைவாகச் சொல்லிச் செல்லலாம். தென்னகத்தின் முதல் இரயில் ‘லைன்’ 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் 1963ஆம் ஆண்டில் அமைந்த ‘ஹாட்லைன்’ பலர் எண்ணுவது போலச் சிவப்புத் தொலைபேசியன்று, எழுத்தடிக்கும் கருவி. அலுவலகங்களில் ஓயாமல் ஒலிக்கும் ‘டெட்லைன்’ என்பது 1864ஆம் ஆண்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஆண்டர்சன்வில் சிறை முகாமில் வழங்கிய சொல். கைதி அக்கோட்டைத் தாண்டினால் சுடப்படுவான். அதை அறிந்தால், கட்டுரை கேட்கும் ஆசிரியர்கள் அச்சொல்லைச் சற்றே தயங்கி வழங்குவார்கள்.

நாம் நின்று பார்க்கவேண்டிய பொருள் ‘லைன் வீடு’. ஆங்கிலேயர் காலத்துப் படைமுகாம்களில் சிப்பாய்களின் குடிசைகளை வரிசையாக அமைத்து, அவற்றை ‘லைன்கள்’ என்றார்கள். நம் நகரங்களிலுள்ள ‘போலீஸ் லைன்’ தெருக்களும், தில்லியின் ‘சிவில் லைன்ஸ்’ பகுதியும் அவ்வழி வந்த பெயர்களே. இலங்கையில் கோப்பித் தோட்டங்களும், 1867ஆம் ஆண்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களும் எழுந்தபோது, தமிழகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளருக்கும் அத்தகைய வரிசை அறைகளையே கட்டினர். பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. முன்னால் ஒரு சிறு தாழ்வாரம். மலையகத் தமிழர் அதனை ‘லயம்’ என்றும், ‘லயன்’ என்றும் தமிழாக்கிக் கொண்டனர். ‘லயன் காம்பரா’ என்று சொல்லும்போது ஆங்கிலச் சொல் ஒன்றும் போர்ச்சுகீசியச் சொல் ஒன்றும் ஒன்றாய் நிற்கின்றன. இரண்டும் அவர்கள் கேட்டு வந்தவையல்ல. இசையிலே லயம் என்றால் ஒன்றிக் கலத்தல் என்று நமக்குப் பொருள். அவ்வறையின் நெருக்கத்தை அறிந்தவர்களுக்கு அச்சொல் கசப்பான சிலேடையாகவே படும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று எண்ணிக்கை பிரித்தது. தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர்க்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்து வேலை தந்தது; அங்கேயும் அவர்களுக்குக் கிடைத்தது வரிசை வீடுதான். கால்வழி தெரிந்தும் குடியுரிமை இல்லை. குடியுரிமை வந்தபின்னும் ‘லைன்’ போகவில்லை.

இன்று மணிமங்கலத்திலும், படப்பையிலும், ஒரகடத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் லைன் வீடுகளைக் காணலாம். 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இப்பகுதிக்குத் தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வயலிலே நூல் பிடித்து நட்ட வரிசை நடவின் இடத்தில் வரிசை அறைகள் எழுந்தன. சொந்த ஊர்க்காரர்க்கு அவை வாடகை வருமானம். ஒடிசாவிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், பீகாரிலிருந்தும், வங்காளத்திலிருந்தும் வந்தவர்க்கு உறைவிடம். பொதுச் சுவர், பொதுக் குழாய், கோடியிலே பொதுக் கழிப்பிடம். எல்லா வீட்டு உரிமையாளரும் ஒரே தன்மையர் என்று கூறமாட்டேன். நல்ல காற்றும் தண்ணீரும் தந்து நியாயமான வாடகை வாங்குவோரும் உளர். ஓர் அறையில் எத்தனை பேரை அடைக்கலாம் என்று தலைக்குக் கணக்கிடுவோரும் உளர். இவ்விரு சாராரிலும் ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் இருக்கலாம்.

ஆலையினுள் ஓடும் ‘லைன்’ வேறொரு கதை. 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு, தொழிலாளி பொருளை நோக்கி நடப்பதற்குப் பதிலாகப் பொருள் தொழிலாளியை நோக்கி நகரும்படி செய்தார். ஒரு காரின் அடிச்சட்டத்தைக் கோக்க முன்னர் பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. விரைவிலே அது 93 நிமிடமாயிற்று. விலை குறைந்தது, கூலியும் கூடியது. ஆனால் வேகத்தை முடிவு செய்யும் உரிமை தொழிலாளியின் கையைவிட்டுப் போயிற்று. 1931ஆம் ஆண்டில் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் தமது சுற்றுமடலில், உயிரற்ற பொருள் ஆலையிலிருந்து மேன்மை பெற்று வெளிவருகையில், மனிதர்களோ அங்கே தரம் தாழ்ந்து போகிறார்கள் என்னும் கருத்தில் வருந்தி எழுதினார். வேலை மனிதனுக்காகவே, மனிதன் வேலைக்காக அல்லன் என்று 1981ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் விளக்கினார்.

இதிலே ஒரு கயிறு குறுக்கிடுவதைக் கூறாமல் விடமுடியாது. ஜப்பான் நாட்டு டொயோட்டா நிறுவனம் தன் ஆலைகளில் பணித்தொடரின் மேலே நெடுக ஒரு கயிற்றைக் கட்டிவைத்தது. பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதனை இழுக்கலாம், விளக்கெரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், பழுது தீராவிடில் ‘லைன்’ நின்றுவிடும். ‘லைனை’ நிறுத்த ஒரு ‘லைன்’! அம்முறையைப் பழகிய ஆலைகள் நம் பகுதியிலும் கயிறாகவோ பொத்தானாகவோ அதனை வைத்திருக்கின்றன. ஆனால் வேலைக்கு வந்து மூன்று நாளான ஒரு பெண்ணுக்கு, அதனை இழுப்பது தன் கடமை, அதற்காகத் தன்னை யாரும் கடியமாட்டார்கள் என்பது அவளுக்குப் புரியும் மொழியிலே சொல்லப்பட்டிருக்கவேண்டும். ‘லைன்’ என்றால் கோடு என்று மட்டும் அறிந்து வந்தவள், ‘லைன் ஸ்டாப்’ என்று எழுதிய பலகையைக் கண்டு என்ன புரிந்துகொள்வாள்?

2021ஆம் ஆண்டு டிசம்பரில், திருப்பெரும்புதூரை அடுத்த பாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். தோழியர்க்கு என்ன ஆயிற்று என்றறியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. ஆலையின் ‘லைனை’ நிறுத்தியது அன்று பணித்தொடரில் ஏற்பட்ட பழுதன்று. அவர்கள் உறங்கிய இடத்தின் பழுது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் ஏறத்தாழ 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதித் தொகுதியைத் திறந்தது. அது நற்செயலே. ஆயினும் லைன் வீடுகளில் வாழ்வோர் தொகை அதனினும் மிகப் பெரிது. அவர்களுள் குடும்பத்தோடு வந்தவர்களும், கைக்குழந்தை உடையவர்களும் உண்டு.

அவர்களோடு பேசுவது எங்ஙனம் என்று நம் பங்கு மக்கள் கேட்கக்கூடும். ‘லைன்’ என்ற இச்சொல் இந்தியிலும், ஒடியாவிலும், வங்காளத்திலும் இதே வடிவில் வழங்குகிறது. தண்ணீர்க் குழாயடியில் தமிழ்ப் பெண்ணும் ஒடியப் பெண்ணும் முதலில் பரிமாறிக்கொள்ளும் சொல் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஜார்க்கண்டிலிருந்து வருவோருள் நம் மறையைச் சார்ந்த பழங்குடியினர் பலர். 1885ஆம் ஆண்டில் அங்குச் சென்ற பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், அவர்களுடைய நிலங்களுக்காக நீதிமன்றங்களில் துணைநின்று அவர்களிடையே மறைபரப்பினார். அதே நாட்டிலிருந்து வந்த மற்றொரு சேசு சபைக் குரு காமில் புல்கே, இராஞ்சியில் அமர்ந்து, 1968ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில–இந்தி அகராதியை வெளியிட்டார். வட இந்தியா முழுவதும் இன்றும் மாணவர் கையில் இருப்பது அது. ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் செய்த தொண்டை அவர் இராஞ்சியில் செய்தார் எனலாம்.

ஆதலின், நம் பங்கு இளைஞர் இயக்கத்தார் முனைந்தால் இவ்வாண்டிலேயே ஒன்று செய்யலாம். ஓர் அட்டை போதும். தண்ணீர், வாடகை, மருத்துவமனை, காய்ச்சல், சம்பளச் சீட்டு, திருப்பலி நேரம், ‘லைனை நிறுத்து’ என்பன போன்ற நூறு சொற்களைத் தமிழ் எழுத்திலும் இந்தி எழுத்திலும் ஒடிய எழுத்திலும் அதில் அச்சிடவேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள் என்று வீரமாமுனிவர் வெட்கும்படி எழுதாமல், அது வழங்கும் இடங்களையும் இரண்டொரு சொல்லால் குறிக்கவேண்டும். அதனை ஒவ்வொரு லைன் வீட்டின் குழாயடியிலும், வரிசையில் காத்து நிற்பவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டலாம்.